அப்பா பெயரில் பட்டா, என் பெயரில் வேலை உத்தரவு: அண்ணன் தடுத்தால் அரசு வீடு நின்றுவிடுமா?

டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா 2017இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா இருக்கிறார். அண்ணன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். அக்காவுக்கு 1986லேயே கல்யாணமாகிவிட்டது. வாசகி, கொத்தனாரிடம் சித்தாள் வேலை பார்க்கும் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகிய ஐந்து பேரும் அப்பா விட்டுப்போன மூன்றரை சென்ட் நத்தம் மனையில் கூரை வீட்டில் இருந்தார்கள். நத்தம் நிலவரித் திட்டப் பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் 2018இல் வாங்கியாகிவிட்டது. பட்டா மட்டும் மாறவில்லை.

பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வாசகி பெயருக்கு வேலை உத்தரவு (வீடு கட்ட நிதி ஒதுக்கும் ஆவணம்) வந்து ஏழு மாதம் ஆகிறது. கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, 18க்கு 30 அடியில் பேஸ்மட்டம் போட்டார்கள். முதல் தவணை வந்தது. சுவர் ஜன்னல் மட்டம்வரை ஏறியதும் கையில் இருந்த பணம் தீர்ந்தது. இதற்குள், “கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பா வீட்டில் என்ன பாத்தியதை?” என்று அண்ணன் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார். கட்டும் வீட்டில் பாதி தனக்கு வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் தடை வாங்குவேன் என்கிறார். ஒன்றிய அலுவலகம் அடுத்த தவணைக்கான பில்லைப் போடவில்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். குடும்பம் இப்போது தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கிறது.

அவர் கேட்பவை: அண்ணன் வீட்டைத் தடுக்க முடியுமா? “அரசாங்க வீடு, யாராலும் தொட முடியாது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியா? இந்த உத்தரவை ரத்து செய்துவிட்டு மூன்றரை லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லத்துக்கு மாறலாமா? கணவர் பைக் வைத்திருப்பதைச் சொல்லி அண்ணன் வீட்டைக் கெடுத்துவிடுவாரா? நிதி நிறுவனங்களில் ஒன்றரை லட்சம் வாங்கி முழு வீட்டையும் முடித்துவிடலாமா?

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அண்ணனின் பங்கு. இன்னொன்று வீட்டின் அளவு. அண்ணன் மனுவால்தான் எல்லாம் நின்றது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய வரைபடத்தையும் தவணைக் கணக்கையும் பார்த்தால், மனுவே வராமல் இருந்திருந்தாலும் இந்த வீடு இதே மட்டத்தில்தான் நின்றிருக்கும். 540 சதுர அடி வீட்டை 270 சதுர அடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. இதைச் செய்தால் பில்லும் நகரும், அண்ணன் தரப்பின் வாதமும் பெருமளவு வலுவிழக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

மனை யாருக்கு எவ்வளவு

நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உயில் இல்லாமல் ஒருவர் காலமானால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பட்டா அப்பா பெயரிலேயே ஏற்பட்டது என்பதால் மனை அவருடைய தனிச்சொத்து என்று கொண்டால், அம்மாவுக்குக் கால், அண்ணனுக்குக் கால், அக்காவுக்குக் கால், உங்களுக்குக் கால். கல்யாணம் ஆனது, சீர் செய்தது எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

அண்ணன் “இது தாத்தா காலத்துப் பூர்வீகம்” என்று வாதிட்டாலும் அவருக்குப் பெரிதாக எதுவும் கூடாது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் மகனுக்குச் சமமான பங்காளி. 1989 மார்ச் மாதத்துக்கு முன் திருமணமான பெண்களுக்குப் பூர்வீகத்தில் பங்கில்லை என்று தமிழ்நாட்டுத் திருத்தத்தில் இருந்தது உண்மைதான்; உங்கள் அக்கா விஷயத்தில் அண்ணன் இதைத்தான் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. மத்தியத் திருத்தம் வந்த பிறகு, அதுவும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்தத் தேதியை வைத்து வாதாட இடமில்லை. பூர்வீகம் என்றே வைத்துக்கொண்டால் பிள்ளைகள் மூவருக்கும் பதினாறில் ஐந்து பங்கு வீதம், அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று வரும். அப்போதும் அண்ணனுக்கு உங்களைவிட ஒரு அடிகூட அதிகமில்லை. பாதி வீடு கேட்பதற்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் நம்பாதீர்கள். வேலை உத்தரவு என்பது வீடு கட்ட உங்களுக்கு நிதி தரும் ஆவணம். அண்ணனின் கால் பங்கை அது அழித்துவிடாது. பாகம் பிரியாத மனையில் ஒவ்வொரு அடியிலும் நால்வருக்கும் உரிமை உண்டு. அதனால் அண்ணன் கோர்ட்டுக்குப் போனால், பாகம் பிரியும்வரை இடத்தின் தன்மையை மாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை வர வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

நத்தம் என்பது அரசுப் புறம்போக்கு, அதில் யாருக்கும் பங்கு கிடையாது என்று ஓவர்சியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. கிராம நத்தம் என்பது ஊர்க்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுங்கிய இடம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், வீட்டு மனையாகவும் கொல்லையாகவும் ஒருவர் உடைமையில் இருக்கும் இடத்தை அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைப் பல தீர்ப்புகளில் உறுதிசெய்திருக்கிறது.

பில் ஏன் நிற்கிறது

இந்தத் திட்டத்தில் பணம் முன்கூட்டி வராது. ஒரு மட்டம் முடிந்து, ஒன்றியத்திலிருந்து வந்து புகைப்படம் எடுத்து, இடத்தின் குறியீட்டோடு இணையத்தில் ஏற்றிய பிறகுதான் அந்த மட்டத்துக்கான தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் பட்டி), தளம், முடிவு என்று தவணைகள் போகும். சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றால் லிண்டல் பில் கிடையாது. எவ்வளவு சுவர் கட்டியிருக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது; மட்டம் முடிந்ததா என்பதே கணக்கு.

இப்போது தொகையைப் பாருங்கள். சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய்; மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. இதற்கு மேல் கான்கிரீட் தளத்துக்கென்று தமிழ்நாடு அரசு 1,20,000 தருகிறது. மொத்தம் 2,40,000. திட்டம் எதிர்பார்ப்பது குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. அந்த அளவில் கட்டினால் சதுர அடிக்கு ஏறக்குறைய 890 ரூபாய் அரசிடமிருந்து வருகிறது. நீங்கள் ஆரம்பித்திருக்கும் 540 சதுர அடிக்கு 444 ரூபாய்தான். பெரிதாகக் கட்டக் கூடாது என்று விதியில் இல்லை. ஆனால் கூடுதல் அளவு முழுவதும் உங்கள் செலவு. ஒவ்வொரு மட்டத்தையும் இரண்டு மடங்கு சாமான் போட்டு முடித்தால்தான் ஒரு பில் வரும். ஊர் ஊராகப் பாதியில் நிற்கும் வீடுகளில் பல இப்படி நின்றவைதான். வாழ்நாளில் ஒரு தடவை கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுவோம் என்ற ஆசையில் தவறே இல்லை. பணம் வரும் விதம்தான் அந்த ஆசைக்கு இடம் கொடுப்பதில்லை.

உங்கள் வரைபடத்தில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. 30 அடி நீளத்தில் சரியாக 15வது அடியில் ஒரு நடுச்சுவர் வருகிறது. முன்பாதி மட்டும் 18க்கு 15, அதாவது 270 சதுர அடி. திட்டத்தின் குறைந்தபட்ச அளவுக்கு ஒரு சதுர அடி அதிகம்! நடுச்சுவரையே பின்சுவராக்கி, முன்பாதியை ஒரு முழு வீடாக முடித்துவிடலாம். சுவர் நீளம் 114 அடியிலிருந்து 66 அடியாகக் குறையும்; தளம் பாதியாகும்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. நடுச்சுவருக்கு நாலரை அங்குலச் சுவர் என்று நினைத்து அஸ்திவாரத்தைக் குறுகலாக எடுத்திருக்கலாம். தளத்தின் பாரம் இனி அதன் மேல்தான் இறங்கும், மழையும் நேராக அடிக்கும். அது ஒன்பது அங்குலச் சுவருக்குத் தாங்குமா என்று ஒன்றியப் பொறியாளரிடம் காட்டிக் கேட்ட பிறகே மேலே கட்டுங்கள். பின்பாதியைப் பிற்காலத்தில் சேர்க்க வசதியாக, பக்கச் சுவர்களின் முனையில் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று வெளியே நீட்டி விடச் சொல்லுங்கள். பெல்ட்டிலும் பீமிலும் நீட்டிவிடும் கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மழையில் துரு ஏறிவிடும். பின்பாதியில் ஏற்கெனவே ஏறிய செங்கல்லைப் பிரித்து எடுத்து முன்பாதிக்குப் பயன்படுத்தலாம். உங்கள் கணவருக்கே கை வந்த வேலை. பின் பேஸ்மட்டத்தின் மேல் பகுதியை மட்டும் சிமெண்ட் கலவையால் மூடிவிடுங்கள், தண்ணீர் இறங்காது.

மாற்றத்தை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். “எனது வீட்டை 18க்கு 15 அடி அளவில் கட்டி முடிக்கிறேன், திருத்திய வரைபடம் இணைத்துள்ளேன்” என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

வேலை உத்தரவை எடுத்து இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தில் சொந்த வீட்டு வேலைக்கு 90 மனித நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் இந்தத் திட்டத்தோடு சேர்ந்து வருபவை. உங்கள் கடிதத்தில் இரண்டையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலை அட்டை எண் பதிவாகியிருக்கிறதா, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் இவை அப்படியே போய்விடும். ஒன்றியக் கிடங்கில் சிமெண்டோ கம்பியோ எடுத்திருந்தால் அதன் விலையைத் தவணையில் கழித்திருப்பார்கள். முதல் தவணை குறைவாக வந்ததாக நீங்கள் நினைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அண்ணனின் மனுவும் ஒன்றிய அலுவலகமும்

மனை யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒன்றிய அலுவலகத்துக்கு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. ஆனாலும் ஒரு ஆட்சேபணை வந்துவிட்டால் அலுவலர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கப் பேச்சு உதவாது, காகிதம்தான் உதவும். வாரிசுச் சான்றிதழ் நகல், அம்மாவும் அக்காவும் தனித்தனியாகக் கொடுக்கும் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றோடு, “தடை உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் எனது பில்லை நிறுத்தி வைத்ததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்” என்று ஒரு மனு கொடுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: என் வீட்டுக்கு இதுவரை விடுவித்த தவணைகளும் தேதிகளும், நிலுவைக்கான காரணம், எனக்கு எதிரான மனுவின் நகல், அதன் மேல் எடுத்த நடவடிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதோடு முதல்வரின் முகவரி உதவி எண் 1100லும் பதிவு செய்து, மனு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாவையும் இப்போதே நால்வர் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருக்கின்றன. இதற்கு யாரும் பங்கை விட்டுத்தர வேண்டியதில்லை. எட்டு வருடம் காலமானவர் பெயரிலேயே பட்டாவை வைத்திருந்ததால்தான் அண்ணனின் ஒரு பக்க மனுவுக்கு இவ்வளவு கனம் கிடைத்தது.

அண்ணனுக்கு என்ன கொடுப்பது, எப்படி எழுதுவது

உங்கள் மனை தெருவோரம் முப்பதரை அடி, நீளம் 50 அடி. மொத்தம் 1,525 சதுர அடி. கால் பங்கு 381 சதுர அடி. நீங்கள் முடிக்கப்போகும் வீடு 270 சதுர அடி. உங்கள் சொந்தக் கால் பங்குக்குள்ளேயே வீடு அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். 540 சதுர அடியில் இப்படிச் சொல்ல முடியாது. நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்கே வந்தாலும், ஒரு பங்காளி தன் பங்குக்கு மிகாத இடத்தில் செலவு செய்து கட்டியிருந்தால் அந்தப் பகுதியைக் கூடியவரை அவருக்கே ஒதுக்குவது நீதிமன்றங்களின் வழக்கம்.

அண்ணனிடம் பேசும்போது “உனக்கு ஒன்றுமில்லை” என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு இருப்பதைத் தருவதாகச் சொல்லுங்கள். கொல்லைப் பக்கம் முப்பதரைக்குப் பன்னிரண்டரை அடி ஒதுக்கினால் அவருடைய கால் பங்கு முழுவதும் அதில் வந்துவிடும். உங்கள் பேஸ்மட்டத்தின் பக்கவாட்டில் பன்னிரண்டரை அடி காலியாக இருப்பதால் நாலடி நடைபாதையும் விடலாம். இடம் வேண்டாம், பணம் போதும் என்றால் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசுங்கள். வீட்டின் மதிப்பைப் பங்கில் சேர்க்கவே கூடாது. அவர் உரிமை மனையில்தான். உங்கள் பெயருக்கு வந்த தொகையில் எழும்பும் சுவரில் அவருக்குப் பங்கு கேட்க வழியில்லை.

ஒத்துக்கொண்டால், வெறும் முத்திரைத்தாளில் “எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று எழுதி வாங்கி மடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒன்றிய அலுவலகத்துக்குப் போதும். அவருடைய பங்கை உங்களுக்கு மாற்றாது. இடமாகப் பிரித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், பணம் வாங்கி விலகினால் விடுதலைப் பத்திரம். இரண்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. விடும் பங்கின் மதிப்பு 2 லட்சம் என்றால் இரண்டும் சேர்த்து 4,000 ரூபாய்தான் ஆகும். பத்திர எழுத்தர் கூலி தனி.

அக்கா மனமுவந்து விட்டுத்தரத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதையும் பதிவு செய்துவிடுங்கள். அம்மா விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தக் கால் பங்குதான். எழுதித் தர அவரே விரும்பினால், அவர் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், அவரைப் பராமரிக்கும் பொறுப்பையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவர் காலத்துக்குப் பிறகு அது உங்கள் மூவருக்கும் சமமாக வரும். “அம்மா கையெழுத்துப் போட்டால் மொத்த மனையும் எனக்கு” என்று கேட்டிருந்தீர்கள். அம்மா தன் பங்கைத்தான் தர முடியும், மற்றவர்கள் பங்கை அல்ல.

பேசியும் பலனில்லை என்றால், வட்டத் தலைநகரில் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போடும் முன்பே அண்ணனை அழைத்துச் சமரசம் பேச அவர்களால் முடியும். அங்கே ஒப்பந்தமாகி மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். இதே நேரத்தில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனு ஒன்றும் போட்டுவையுங்கள். உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு போடுவதை அது தவிர்க்கும். 90 நாள்தான் செல்லும். முடிந்ததும் மறுபடி போட வேண்டும்.

பைக், கனவு இல்லம்

2024இல் தகுதிநீக்க நிபந்தனைகளைத் தளர்த்தியபோது இரு சக்கர வாகனம், குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைக்கைக் காட்டி யாரும் உங்கள் வீட்டை நிறுத்த முடியாது. மூன்று அல்லது நான்கு சக்கர வாகனம், அரசு வேலை, வருமான வரி, மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம், இரண்டரை ஏக்கர் பாசன நிலம் போன்றவைதான் இப்போது தடை.

கலைஞர் கனவு இல்லத்துக்கு மாறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது குடிசையில் வசிப்பவர்களுக்கு 360 சதுர அடி வீடு தரும் மாநிலத் திட்டம். ஏற்கெனவே அரசு வீட்டுத் திட்டத்தில் தவணை வாங்கியவர் அதில் பயனாளி ஆக முடியாது. நீங்கள் கூரை வீட்டையும் பிரித்துவிட்டீர்கள். இந்த உத்தரவை ரத்து செய்தால் வாங்கிய தவணையைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். கையில் இருப்பதும் போய்விடும். வேலை உத்தரவிலிருந்து 12 மாதத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. 270 சதுர அடிக்கு அது போதும்.

15,000 கேட்பவர்

கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். நடுவில் நின்று வாங்கித் தருபவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்தால் உங்கள் மேல் நடவடிக்கை வராது. கொடுக்கும் முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்தாலும் நீங்கள் பாதுகாப்பாக இருப்பீர்கள். இந்தத் திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கோ தரகருக்கோ இடமே இல்லை. பணம் அரசிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. அவர் “முடித்துத் தருகிறேன்” என்பது லிண்டல் மட்டம் முடியாத வீட்டுக்குப் பில் போடுவதைத்தான். அப்படிப் போட்டால் பின்னால் தணிக்கையில் மாட்டப்போவது உங்கள் பெயரும்தான்.

கடன்

மூன்று நிறுவனங்களில் ஐம்பதாயிரம் வீதம் வாங்கி 540 சதுர அடியையும் முடிப்பது என்ற திட்டம் எனக்குக் கவலை தருகிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பாதி என்பதே தாங்க முடியாத அளவு. மழை மாதங்களில் கட்டட வேலை இல்லாமல் கணவர் வீட்டில் இருப்பார், வாரத் தவணை மட்டும் நிற்காது. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது லிண்டல் மட்டம்வரை முன்பாதியை முடிக்கும் பணம்தான். அது முடிந்தால் பில் வரும். அந்தப் பில்லில் அடுத்த மட்டத்துக்குச் சாமான் இறக்கலாம். இந்த இடைப்பட்ட தொகைக்கு உங்கள் சுயஉதவிக் குழுவில் கேளுங்கள். இத்திட்டப் பயனாளிகளுக்கு 70,000 ரூபாய்வரை வங்கிக் கடனுக்கு வழிசெய்ய வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. வேலை உத்தரவோடு உங்கள் கணக்கு உள்ள கிளையில் விண்ணப்பியுங்கள். வங்கி தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பி மேஸ்திரியிடம் நாள் குறித்துவிடாதீர்கள். யாரிடமும் பட்டாவையோ அம்மாவின் கைரேகை வைத்த வெற்றுப் பத்திரத்தையோ அடகாகக் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரம் முதலில் ஒன்றியப் பொறியாளரை மனைக்கு அழைத்து நடுச்சுவர் அஸ்திவாரத்தைக் காட்டுங்கள். அது சரி என்று சொல்லிவிட்டால் மறுநாளே திருத்திய வரைபடத்தோடு மனுவைக் கொடுங்கள். சட்டப் பணிகள் குழுவுக்குப் போகும்போது வேலை உத்தரவு, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தில் முதல் தவணை வந்த பக்கம், அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு நகல், அம்மா, அக்கா இருவரின் ஆதார் நகல் ஆகியவற்றை இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். அசல் எதையும் அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள்.